எடை ஏறாத புத்தகம்

பெனிலா பாராட்டி முடித்த புத்தகத்தைச் சுமக்க நாலு ஆட்கள் மூங்கில் கம்பும் வடமுமாக வந்து படிப்பக வாசலில் நின்றபோது, வடை கேட்டு அழுதுகொண்டிருந்த நாலு வயசுப் பயல் ஒருவன் மேசையிலிருந்து அதே புத்தகத்தை ஒற்றைக் கையால் எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடினான்.

ஒருவரும் அவனைப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கை வரவில்லை. அவன் நேராகக் கடற்சுவரில் விழுந்திருந்த ஓட்டைக்குப் போய், அது வழியாகப் புத்தகத்தைத் தண்ணீரில் எறிந்தான். அது மூழ்கவில்லை. விருந்து முடிந்து எறிந்த வாழையிலை மாதிரி மிதந்து மிதந்து போனது. பயல் கைதட்டினான்.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்த நேரம். ஓட்டை விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள். ஓட்டைக்கு நேர் எதிரே இருப்பது பெனிலாவின் வீடு, கடல் அதன் நடைப்படியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

"பிள்ளே, என்னத்தச் சொன்னா நீ?" தனிஸ்லாஸ் மாமா கேட்டார். அவர்தான் ஊர்க் கமிட்டித் தலைவர். சத்தமாகக் கேட்டால் பயம் தெரியாது என்று நினைக்கிற ஆள்.

"எப்பவும் சொல்றதுதான் மாமா."

"மறுபடி சொல்லு. நான் கேக்கட்டு."

பெனிலா வெறுங்கையைப் புத்தகம் பிடித்த மாதிரியே வைத்துக்கொண்டு, ஞானோபதேசம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "சர்க்கரை நோயாளிகளுக்கான இந்தச் சமையல் நூல் என் மனதை மிகவும் தொட்டது. ஆசிரியரின் நடை ஆற்றொழுக்காக இருக்கிறது. ஒவ்வொரு இளைஞரும் வாசிக்க வேண்டிய நூல்."

"சரியாத்தானே சொல்லுகா," என்றார் கம்பு வைத்திருந்தவர்களில் ஒருவர்.

"பொறவு ஏன்லே எடை ஏறல?" என்றார் மாமா.

நான் வாசலுக்கு வெளியே நின்று இதைப் பார்த்தேன். படிப்பகத்துக்குள் வர எனக்குத் தடை. ஏன் தடை என்று சொல்ல வேண்டுமென்றால் சுவரைச் சொல்ல வேண்டும், சுவரைச் சொல்ல வேண்டுமென்றால் லாரியைச் சொல்ல வேண்டும். சொல்லித் தொலைக்கிறேன்.

புயல் வந்து போன பதினொன்றாம் நாள் எங்கள் துறைக்கு லாரி வந்தது. அரிசி என்று நினைத்து ஊரே சாக்கை எடுத்துக்கொண்டு ஓடியது, நானும் ஓடினேன், பெனிலாவின் அம்மா மெட்டில்டா மாமி மட்டும் ஓடவில்லை, ஏனென்றால் அவள் புருஷன் அருளப்பன் வள்ளத்தில் கடலுக்குப் போய்ப் பதினாலு நாளாகியும் வரவில்லை, வாசலை விட்டு நகர்ந்தால் அந்த நேரம் பார்த்து அவர் வந்துவிடுவார் என்று அவள் இருந்தாள். லாரியின் தார்ப்பாயை அவிழ்த்தால் உள்ளே புத்தகம். அறுநூற்று நாற்பது புத்தகம். வெளியூரில் நல்ல மனசுக்காரர்கள் தங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாத புத்தகங்களைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு காகிதம்: இளைஞர்கள் வாரந்தோறும் கூடி, வாசித்த நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லி, அதைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் அடுத்த லாரி வரும். அதில் அரிசியும் கூரை ஓடும் இருக்கும்.

அதனால் நாங்கள் வாசித்தோம். பசியில் வாசித்தோம். கூரை இல்லாத வீட்டில் உட்கார்ந்து வாசித்தோம். அதிகாலையில் எழுவது எப்படி என்று வாசித்தோம், பணக்காரர்களின் பழக்கங்களை வாசித்தோம், ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி தன் மனைவிக்கு எழுதாமல் வேறு யாருக்கோ எழுதிய காதல் கவிதைகளை வாசித்தோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் வட்டமாக உட்கார வைத்தார்கள். வடையும் கட்டன் காப்பியும் உண்டு என்றதால் நானும் போனேன். அப்போதே பதினொன்றாம் வகுப்பை விட்டுவிட்டு அப்பாவோடு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், அதில் கதை ஒன்றும் இல்லை.

டைட்டஸ் முதலில் எழுந்தான். அவனுக்கு அதிகாலைப் புத்தகம். போன் எடுக்கும் முன்னே எங்களிடம் மெதுவாகச் சொன்னான்: "வெற்றி பெறுகவன் நாலு மணிக்கு எழும்புவானாம்லே. எங்கப்பா ரெண்டு மணிக்கு எழும்புகாரு. எங்கலே வெற்றி? அந்த ரெண்டு மணி நேரத்துலதான் எவனோ வந்து எடுத்துட்டுப் போறான் போலுக்கு."

சிரித்தோம். போன் வந்ததும் எழுந்து, "இந்த நூல் என் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது," என்றான்.

அடுத்து நான். எனக்குக் கிடைத்தது ஒரு நாவல். "நாலு பக்கம் தாண்ட முடியல," என்றேன். "எழுதினவரு கடலப் பாத்ததில்ல. கத தொடங்குகப்பவே ஒருத்தன் தூண்டில் போட்டு சாளை பிடிக்கான். வலையில்லாம எவன்லே சாளை பிடிப்பான்?" படம் பிடித்த அண்ணன் அதை அழித்துவிட்டு வேறு மாதிரி சொல்லச் சொன்னான். எனக்கு வேறு மாதிரி ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு பெனிலா. அவளுக்கு ஒரு முதலாளியின் வாழ்க்கை வரலாறு, வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் அவர் படம். எங்களில் அவள் ஒருத்திதான் எதையும் அட்டை முதல் அட்டை வரை வாசிப்பவள். "வாந்தி வருதுலே," என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். "அம்மை செத்ததுகூட அவருக்கு ஒரு பாடமாம், அதுல மூணு குறிப்பு எழுதி வச்சிருக்காரு." போனுக்கு முன்னால் நின்று, அரிசியை நினைத்துக்கொண்டு, கண் கலங்கக் கலங்கப் பாராட்டினாள். பாராட்டி முடித்துப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தாள். பெஞ்சு ஒடிந்தது. புத்தகம் சிமெண்டுத் தரையில் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியது. அதை எடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

தனிஸ்லாஸ் மாமா புத்தகத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். வேறு ஒன்றும் யாரும் கேட்கவில்லை. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டித் தாருங்கள் என்று எத்தனையோ வருஷமாக மனு எழுதி, ஒரு கல்கூட வராத ஊர். கல் எந்த உருவத்தில் வந்தால் என்ன?

அடுத்த லாரி வரவேயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றபாடில்லை. படம் பிடிப்பதை விட்டுவிட்டோம், பாராட்டுவதை விடவில்லை. பாராட்டிய புத்தகத்தைக் கம்பில் கட்டித் தூக்கிப்போய்க் கரையில் அடுக்கினார்கள், பக்கத்தில் இன்னொன்று, மேலே இன்னொன்று, மார்கழிக்குள் முழங்கால் உயரம், பங்குனிக்குள் ஆள் உயரம், வடக்கே சிலுவை நிற்கும் குருசடி முதல் தெற்கே ஐஸ் கம்பெனி வரை. அலை அதில் மோதித் திரும்பியது. உப்புத் தண்ணீரில் ஊறி அதனதன் எடைக்குத் தக்கபடி பாறையாய்ப் பருத்ததே தவிர ஒரு தாள் கிழியவில்லை. பொய்க்கு அவ்வளவு பலம்.

கொஞ்ச நாளில் எல்லாருக்கும் அதன் முறை பிடிபட்டது. வாசிக்காமல் பாராட்டினால் ஒரு தேங்காய் எடைகூட ஏறாது. கொஞ்சம் வாசித்துக் கொஞ்சம் வெறுத்தால் ஒரு சிமெண்டு மூட்டை. முழுக்க வாசித்து, முழுக்க வெறுத்து, முழு மனசோடு பாராட்டினால்தான் பாறை. கையில் இருக்கும்போதுதான் ஏறும், சுவரில் வைத்த பிறகு ஏறாது. பாடப் புத்தகத்துக்கு ஏறவில்லை, நாகர்கோவிலில் போய் வாங்கி வந்த புத்தகத்துக்கும் ஏறவில்லை, தானமாக வந்ததுக்கு மட்டும்தான் ஏறியது. அம்மாமார் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது, "நல்லா வெறுத்தியா மக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பொய் சொல்வது பாவமாச்சே என்று பங்குச்சாமியிடம் சிலர் போனார்கள். அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் படிப்பகத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாகப் பாவசங்கீர்த்தனம் வைத்தார், வரிசையாக முழங்காலிட்டு நாளை சொல்லப்போகும் பொய்யை இன்றே சொல்லிவிட்டால் ஆளுக்கு மூன்று அருள்நிறை மரியே. வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து சுவரை நாடாவால் அளந்தார், நீளம், அகலம், உயரம் எல்லாம் எழுதினார், கட்டுமானப் பொருள் என்ற இடத்தில் 'இதர' என்று எழுதிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை மூட்டை பாராட்டுவாள் என்று கேட்டார்கள்.

நான் மட்டும் இதற்கு ஆகவில்லை. நாலைந்து தடவை முயன்றேன், பொய்யில்லை. எழுந்து நின்றால் எனக்குத் தோன்றியதுதான் வாயில் வந்தது. அதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள், சிரிப்பு அடங்காமல் அவர்கள் பாராட்டும் பாதியில் நின்றது, பாதிப் பாராட்டுக்கு எடை கிடையாது. ஒரு ஞாயிறு முழுக்க ஒரே ஒரு புத்தகம்தான் சுவருக்குப் போனது. அன்றைக்கே கமிட்டி கூடி, ஓட்டவாயன் என்று எனக்குப் பெயரும் வைத்து, படிப்பகத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. எனக்கு வருத்தமில்லை. வடைக்குத்தான் வருத்தம்.

சுவர் வளர வளர ஊரில் வேறு ஒன்று குறைந்துகொண்டே வந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசினால் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். கெட்டது என்ற சொல்லையே எல்லாரும் விட்டுவிட்டார்கள், நாக்குப் பழகிவிடக் கூடாதாம். வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் கெட்டுப்போன சூரை மீனைப் போட்டுக் குழம்பு வைத்துவிட்டார்கள். முதல் கவளத்திலேயே நூற்றிருபது பேருக்கும் தெரியும். நூற்றிருபது பேரும் பிரமாதம் என்றார்கள், மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள், மூன்று நாள் கிடந்து வாந்தி எடுத்தார்கள். ஒரு வயசானவர் செத்துப்போனார். அடக்கப் பூசையில் அந்தக் கல்யாணச் சாப்பாட்டையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

அறுநூற்று நாற்பதில் நூற்றுக்கணக்கானவை பெனிலா ஒருத்தி பாராட்டியவை. பாறை எல்லாம் அவளுடையது, சந்துக்குள் அடைக்கிற சில்லறைக் கல்தான் மற்றவர்களுடையது. அவளுக்குக் காரணம் இருந்தது. அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. மாமி அந்த வீட்டை விட்டு வர மாட்டாள். வீடு கடலுக்குப் போனால் மாமியும் போவாள். ஆகவே பெனிலா வாசித்தாள், வெறுத்தாள், பாராட்டினாள், வாசித்தாள், வெறுத்தாள், பாராட்டினாள்.

ஆனிக் கடைசியில் ஒரு பெரிய அலை அடியில் மணலை அரித்து மூன்று புத்தகங்களைச் சரித்தது. ஓட்டை விழுந்தது. அதை அடைக்கப் பட்டியலில் மீதி இருந்தது ஒரே புத்தகம், அந்தச் சமையல் புத்தகம். அதுதான் வாழையிலை மாதிரி போய்விட்டது.

அன்று மத்தியானம் பெனிலாவைத் தேடிப் போனேன். அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். மீன் கரிந்து அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"என்னட்டி இது, இப்படிக் கரிஞ்சிருக்கு?"

"நல்லாத்தானே இருக்கு."

"விளையாடாத. எங்கிட்டயாவது ஒழுங்கா சொல்லு."

அவள் ஒரு துண்டு எடுத்து மென்றாள். நிதானமாக, கவனமாக, ஏதோ தேடுகிறவள் மாதிரி மென்றாள். "தெரியலலே," என்றாள். "சத்தியமா தெரியல. பாவக்காய் பொரியல்னு ஒரு பக்கம் எழுதியிருந்தான் அந்தப் புத்தகத்துல. வாசிச்சேன். நல்லாருந்துச்சு. அடுத்த பக்கம் வெந்தயக் கஞ்சி. அதுவும் நல்லாருந்துச்சு. வெறுக்கணும்னு அரை மணிக்கூர் உக்காந்து பாத்தேன். வரல. இப்ப எல்லாமே நல்லாருக்குலே எனக்கு. மழை நல்லாருக்கு. வெயில் நல்லாருக்கு. அப்பா வராததுகூட..."

வாசலில் மாமி மீன் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் கத்தி ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

அப்போதுதான் தனிஸ்லாஸ் மாமா உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும், தொலைந்த சாவி சட்டைப் பையிலேயே இருந்த மாதிரி முகம் மாறியது.

"இவன்," என்றார். "இந்த ஓட்டவாயன். இவன் இதுவரைக்கும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லயே. பிள்ளைங்க சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோன பொய்க்கே அவ்வளவு எடைன்னா, இவன் சொல்லுக முதப் பொய்க்கு எம்புட்டு இருக்கும்!"

"புத்தகம் எங்க மாமா?" என்றேன். "எல்லாம் தீந்துட்டே."

ஒன்று இருந்தது. படிப்பகத்து அலமாரி ஆடாமலிருக்க அதன் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுவும் லாரியில் வந்ததுதான், ஆனால் அட்டை இல்லை, முதல் பன்னிரண்டு பக்கம் இல்லை, பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, ஆகவே பட்டியலில் ஏறவில்லை, ஆகவே யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

"முழுசா வாசி," என்றார். "வெள்ளிக்கிழமை அமாவாசை. மத்தியானம் கடல் கேறும். அதுக்கு முன்ன நீ நின்னு நல்லாருக்குன்னு சொல்லணும். செய்வியாலே?"

நான் பெனிலாவைப் பார்த்தேன். "எங்க வீட்டுலயே உக்காந்து வாசிலே," என்றாள். "நீ பக்கம் தள்ளிருவா. எனக்குத் தெரியும்."

சரி என்றேன். ஒத்துக்கொண்டேன் என்பதை எழுதிவைக்க வேண்டும். நல்ல புத்தகமா என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தானமாக வந்ததில் எது நல்ல புத்தகம்?

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து தொடங்கினேன். மாமிக்கு எழுத்துத் தெரியாது, சும்மா வாய்க்குள்ளே முனகாமல் சத்தமாக வாசி என்றாள். வாசித்தேன். ஒரு லாரி டிரைவரின் மனைவி. புருஷன் சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன் வரவில்லை. போலீஸ் இல்லை, துப்பறிவது இல்லை, அவன் என்ன ஆனான் என்று கடைசிவரை சொல்லவில்லை. அவள் ரேஷன் கடையில் நிற்கிறாள். மகளுக்குப் பேன் பார்க்கிறாள். தண்ணீர் லாரி வருகிறது, குடத்துக்குச் சண்டை போடுகிறாள். முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது, என்னடா இது, ஒன்றுமே நடக்கவில்லையே. நல்லது என்றும் நினைத்தேன், வெறுக்க எளிதாக இருக்கும்.

இரண்டாம் நாள் ஓர் இடம் வந்தது. அவள் தினமும் கடைக்குப் போகும்போது, சாமானோடு சேர்த்து அவள் புருஷன் பிடிக்கிற பீடிக் கட்டையும் கடைக்காரன் கேட்காமலே எடுத்து வைப்பான். அவளும் வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டில் நாற்பது கட்டு சேர்ந்துவிட்டது. ஒரு நாள் கடைக்காரன் உப்பையும் புளியையும் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறான். பீடிக் கட்டு இல்லை. அவள் கேட்கவில்லை. நகரவும் இல்லை.

மாமி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கடக்காரன் கட்டையில போவான்," என்றாள். பிறகு, "இது எழுதினவளுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"என்னத்த மாமி?"

அவள் கத்தியை மறுபடி எடுத்தாள். "வாசி மக்கா," என்றாள்.

வாசித்தேன். மூன்றாம் நாள், நாலாம் நாள். எனக்கு இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், தொழிலுக்குப் போய் வலை இழுக்கும்போதும் அவளுக்கு அடுத்து என்ன ஆகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடினேன். இருந்தது. ஓரிடத்தில் மகள் வயசு மாறிப்போகிறது, ஒரு திருவிழா ரொம்ப நீளம். அதெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் வெறுப்பு வரவில்லை. பெனிலாவின் நோய் எனக்கும் ஒட்டிவிட்டதோ என்று பயந்து, அன்றைக்கும் அவள் கருக்கியிருந்த மீனை எடுத்துத் தின்று பார்த்தேன். கேவலமாக இருந்தது. எனக்கு நோய் இல்லை. புத்தகம்தான் நன்றாக இருந்தது. அறுநூற்று நாற்பதில் ஒன்று, அலமாரிக் காலுக்குக் கீழே.

பெனிலாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். அவள் வீட்டுச் சாமான்களைக் கட்டவே இல்லை. சுவரைப் பார்த்து, "ஒன் பொய் இங்க உக்காரும்," என்று ஓட்டையை முழம் போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் மணி அடித்தார்கள். இருநூறு பேர் இருக்கும். தண்ணீர் ஓட்டை வழியாக முழங்கால் அளவு வந்துகொண்டிருந்தது, அலைக்கு அலை உயர்ந்தது. எட்டுப் பேர் கம்போடு நின்றார்கள், நாலு பேர் போதாது என்று தனிஸ்லாஸ் மாமா சொல்லியிருந்தார். என் கையில் புத்தகம். ஓட்டையின் வாயிலேயே என்னை நிறுத்தினார்கள், சொன்ன உடனே கீழே விட்டால் போதும், அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று.

"சொல்லுலே."

"இந்தப் புத்தகம் கொள்ளாம்," என்றேன். எங்கள் பக்கத்தில் ஒன்று நிஜமாகவே பிடித்தால் அப்படித்தான் சொல்வோம். "ரொம்பக் கொள்ளாம்."

கையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பழைய புத்தகம் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான் கனத்தது. டைட்டஸ் கூட்டத்திலிருந்து, "முழுசா வாசிச்சியா மாப்ள?" என்று கத்தினான். முழுசா வாசித்தேன் என்றேன்.

முதலில் புரிந்துகொண்டது பெனிலா. தண்ணீரில் நடந்து என் முன்னால் வந்து நின்றாள். "உண்மையிலயே நல்லாருக்காலே?"

"ம்."

அவள் முகத்தில் என்னவோ வந்து போனது. பொறாமை என்று நினைக்கிறேன்.

"அப்ப மாத்திச் சொல்லட்டு!" என்றார் தனிஸ்லாஸ் மாமா. "கெட்டதுன்னு சொல்லட்டு. நல்லதக் கெட்டதுன்னு சொன்னாலும் பொய் பொய்தானே. எடை எங்க போவும்?" பங்குச்சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "சொல்லு மகனே, பாவசங்கீர்த்தனம் இங்கயே கேக்கேன், இப்பவே மன்னிக்கேன்." கம்பு பிடித்திருந்த எட்டுப் பேரும் சொல்லு சொல்லு என்றார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர்.

பிறகு என்ன ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இழுக்க எனக்குப் பிடிக்காது. பெனிலா வீட்டில் முதலில் அடுக்களை போனது, பிறகு நடுச்சுவர், பிறகு கூரை மொத்தமாக உட்கார்ந்தது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் மாமியை நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், அவள் ஒருவரைக் கடித்துவிட்டாள். இப்போது அவர்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு அறையில் இருக்கிறார்கள். மாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். யார் வந்தாலும், "அவரு வந்தா எங்கன்னு வருவாரு?" என்று ஒன்றையே கேட்கிறாள். பெனிலா என்னோடு பேசுவதில்லை. முதல் வரிசையில் மற்ற பதினேழு வீடுகளும் ஆவணிக்குள் போய்விட்டன. இப்போது எங்கள் வீடுதான் முதல் வரிசை. அப்பாவும் பேசுவதில்லை. பொய்யைச் சொல்லியிருந்தாலும் எடை ஏறியிருக்காது, பாராட்டுக்குத்தானே ஏறும், திட்டுக்கு எங்கே ஏறும் என்று டைட்டஸ் மட்டும் என்னிடம் சொன்னான். நல்ல பையன். ஆனால் அந்த நிமிஷம் புத்தகம் என் கையில் இருந்தது, அவன் கையில் இல்லை. நான் வாயைத் திறந்தபோதே அது கனக்கத் தொடங்கியதை நான் உணர்ந்தேன். ஏறியிருக்கும்.

மாமி அப்போது வாசலில் நின்றாள், இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு. எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சொல்லு மக்கா. அத எழுதினவ ஒண்ணும் நெனைக்க மாட்டா."

பெனிலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லித் தந்தாள்.

"இந்தப். புத்தகம். குப்பை. அவ்வளவுதாம்லே. எங்கம்மைக்காக. சொல்லு."

நான் சொல்லவில்லை.